பி கலங்களை அகற்றினால் எம்.எஸ். ஏன் அடங்குகிறது?

ரிற்றுக்சிமாப் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை வாசித்தால் நிணநீர்ப் புற்றுநோய் என்றிருக்கும், மூட்டுவாதம் என்றிருக்கும். மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்ற பெயர் அதில் இருக்காது. எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்த நோய்க்கு இந்த மருந்து எழுதப்பட்ட அன்று, மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு வீட்டில் முதலில் எழும் கேள்வி "அப்ப இது கான்சரா?" என்பதுதான்.

இல்லை. மருந்து தேடிப் போவது பி கலம் என்ற ஒரு வகை வெண்குருதிக் கலத்தை. அந்தக் கலம் புற்றாகிப் பெருகினாலும் மருந்து அதை அழிக்கும்; புற்றாகாமல் நோயை எதிர்க்கும் நிர்ப்பீடனத் தொகுதிக்குப் பிழையான தகவல் கொடுத்துக்கொண்டிருந்தாலும் அழிக்கும். 2023இல் உலக சுகாதார நிறுவனம் தனது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்.எஸ்ஸுக்கென முதன்முறையாகச் சேர்த்த 3 மருந்துகளில் ரிற்றுக்சிமாப்பும் ஒன்று. பெட்டித் தாளைப் பார்த்துப் பயந்து கிளினிக்குக்குப் போகாமல் விடுபவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

எம்.எஸ். என்பது மூளை, முண்ணாண், பார்வை நரம்பு ஆகிய இடங்களில் நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மயலின் கவசத்தை உடலின் சொந்த நிர்ப்பீடனமே உரித்துவிடும் நோய். கவசம் போன இடத்தில், நரம்பிழை கடத்தும் மின்செய்தியான கணத்தாக்கம் மெதுவாகும், அல்லது நின்றுவிடும். ஒரு கண் சில நாட்களுக்குள் மங்கும், அதை அசைத்தால் வலிக்கும்; இடுப்புக்குக் கீழே மரத்துப் போகும்; சிறுநீரை அடக்க முடியாமற் போகும். 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குவது வழக்கம், பெண்களில் கூடுதல். 1868இல் பாரிஸில் சார்கோ என்ற வைத்தியர் இதைத் தனி நோயாக வகுத்துச் சொன்னார்.

பி கலம் என்பு மச்சையில் பிறக்கிறது. வளரும் வழியில் அதன் மேற்பரப்பில் சி.டி.20 என்ற புரதம் முளைக்கிறது. முதிர்ந்த கலத்திலும், ஒரு கிருமியை ஒருமுறை கண்டு நினைவில் வைத்திருக்கும் நினைவுக் கலத்திலும் அது இருக்கும். கலம் பிளாஸ்மா கலமாக மாறி, கிருமியைப் பிடிக்கும் புரதமான பிறபொருளெதிரியை உற்பத்தி செய்யத் தொடங்கும்போது சி.டி.20 மறைந்துவிடும். பி கலங்களுக்கு மூலமான தண்டுக் கலத்திலும் அது இல்லை. ரிற்றுக்சிமாப், ஒக்ரெலிசுமாப், ஓஃபட்டுமுமாப் ஆகிய மூன்றும் சி.டி.20ஐப் பிடித்துக்கொள்ளும் மருந்துகள். ஆகவே பிறப்பிடமும் தப்பும், பிறபொருளெதிரித் தொழிற்சாலையும் தப்பும். இடைநடுவில் இருப்பவையே அழியும். இனிச் சொல்லப்போகும் எல்லாம் இந்த ஒரு விடயத்தில்தான் தொங்குகிறது.

மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்திருக்கும் மூளைய முண்ணாண் பாய்பொருளில், எம்.எஸ். நோயாளிகளுக்குப் பிறபொருளெதிரிப் புரதம் கூடியிருப்பதை எல்வின் கபாட் என்ற ஆராய்ச்சியாளர் 1942இலேயே காட்டிவிட்டார். பின்னர் அதே பாய்பொருளை மின்புலத்தில் ஓடவிட்டுப் பிரித்தபோது, குருதியில் இல்லாத தனிக்கோடுகள் தெரிந்தன. ஒலிகோகுளோனல் பட்டைகள் என்று ஆய்வுகூட அறிக்கையில் வருவது இதுதான். மூளைக்குள்ளேயே குடியேறிய சில பி கலக் குடும்பங்கள் அங்கிருந்தே பிறபொருளெதிரி செய்கின்றன என்பதற்கு அது சாட்சி. அப்படியிருந்தும் பல பத்தாண்டுகள் ஆராய்ச்சியாளர்கள் ரி கலம் என்ற இன்னொரு வகை வெண்குருதிக் கலத்தையே குற்றவாளியாகக் கண்டார்கள். எலிகளில் மயலினுக்கு எதிரான ரி கலத்தை ஏற்றினால் எம்.எஸ். போன்ற நோய் வந்தது. பி கலத்துக்குப் பிறபொருளெதிரி செய்யும் துணை வேலைதான் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு இந்தக் கணக்கை மாற்றியது. அதில் 104 நோயாளிகள். 69 பேருக்கு 1000 மில்லிகிராம் ரிற்றுக்சிமாப் முதலாம் நாளும் 15ஆம் நாளும் ஏற்றப்பட்டது. 35 பேருக்கு மருந்தில்லாத திரவம். ஸ்கேனுக்கு முன் ஏற்றும் கடோலினியம் என்ற பொருள் சேர்ந்து பளிச்சிடும் புதிய காயங்கள் மருந்து பெற்றவர்களில் 91 வீதம் குறைந்தன. 48 வாரங்களுக்குள் நோய் மறுபடி தாக்கியவர்கள் மருந்து பெற்ற பக்கம் 20.3 வீதம், பெறாத பக்கம் 40 வீதம். இந்த எண்களைவிட முக்கியமானது அவை வந்த வேகம். 12 வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. அதே காலத்தில் குருதியின் பிறபொருளெதிரி அளவு பெரிதாகக் குறையவில்லை, முண்ணாண் பாய்பொருளின் பட்டைகளும் அழியவில்லை. பிளாஸ்மா கலத்தில் சி.டி.20 இல்லாததால் அவை குறையவும் வழியில்லை. பிறபொருளெதிரி அப்படியே இருக்க நோய் மட்டும் அடங்கியதென்றால், பி கலம் வேறொரு வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்பதே முதன்மையான விளக்கம்.

அந்த வேலை காட்டிக்கொடுப்பது. வயல் பக்கத்து ஆட்களுக்கு இதை இப்படிச் சொன்னால் விளங்கும். ஒரு வட்டையில், அதாவது ஒரு வயல்வெளியில், களை வந்துவிட்டது என்று ஒருவர் அதைப் பிடுங்கிக்கொண்டு போய், அதற்குப் பொறுப்பான வட்டை விதானையிடம் காட்டுகிறார். விதானை சொன்ன பிறகுதான் மற்றவர்கள் களைநாசினியோடு இறங்குகிறார்கள். பிடுங்கிக் கொண்டுவந்தவரே நல்ல நெற்பயிரைக் களை என்று நினைத்திருந்தால் முழு வட்டையும் கருகும். விதானை இடத்தில் ரி கலம். பிடுங்கிக் காட்டுபவர் பி கலம். ஒவ்வொரு பி கலமும் தன் மேற்பரப்பிலுள்ள வாங்கியால் ஒரே ஒரு பொருளை மட்டும் பிடிக்கும். அந்தப் பொருள் மிகச் சிறிய அளவில் இருந்தாலும் தேடிப் பிடித்து, உள்ளே இழுத்து, துண்டாக்கி, ரி கலத்துக்கு முன்னால் நீட்டும். எம்.எஸ். வரும் வாய்ப்பை ஏறத்தாழ 3 மடங்காக்கும் எச்.எல்.ஏ. டி.ஆர்.பி.1*15:01 என்ற பரம்பரை அலகு, துண்டை நீட்டிக் காட்டும் அந்தத் தட்டையே உருவாக்குகிறது. இது தற்செயல் அல்ல.

காட்டுவதோடு வேலை முடியவில்லை. எம்.எஸ். நோயாளியின் பி கலங்கள் இன்டர்லூக்கின் 6, ஜி.எம்.சி.எஸ்.எஃப்., ரி.என்.எஃப். போன்ற அழற்சித் தூதுப் பொருட்களைக் கூடுதலாகச் சுரக்கின்றன. அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூக்கின் 10ஐக் குறைவாகச் சுரக்கின்றன. நோயாளிகளின் நினைவு பி கலங்கள், வெளியிலிருந்து எந்தத் தூண்டலும் இல்லாமலே ரி கலங்களைப் பெருகச் செய்வதும், அப்படிப் பெருகும் ரி கலங்கள் மூளையை நோக்கிப் போகும் வகையாக இருப்பதும் 2018இல் காட்டப்பட்டது. இன்னொன்றும் உண்டு: சி.டி.20ஐச் சிறிதளவு ஏந்திய ரி கலங்கள் கொஞ்சம் இருக்கின்றன, மருந்து அவற்றையும் அழிக்கிறது. பலனில் அதற்கும் பங்கிருக்கலாம். அதற்காகப் பி கலத்தின் முதலிடம் போய்விடாது.

எல்லாப் பி கலமும் கெட்டவை என்று நினைப்பதும் பிழை. அட்டாசிசெப்ட் என்ற மருந்து பி கலம் வாழத் தேவையான இரண்டு சமிக்ஞைகளை மறித்து, பிளாஸ்மா கலங்களையும் சேர்த்துக் குறைத்தது. ஏட்டில் பார்த்தால் அது ரிற்றுக்சிமாப்பை விடச் சிறந்ததாக இருந்திருக்க வேண்டும். நோய்த் தாக்கம் கூடியதால் 2009இல் அந்த ஆய்வை இடையில் நிறுத்தினார்கள். தணிக்கும் வேலை செய்யும் பிளாஸ்மா கலங்களும் பி கலங்களும் இருக்கின்றன, அவற்றைத் தொடக்கூடாது என்ற பாடம் இப்படித்தான் கிடைத்தது.

பி கலம் ஏன் மயலினைப் பிழையாக அடையாளம் காண்கிறது? முதற் சந்தேகம் எப்ஸ்டீன் பார் வைரசு மேல். அது பி கலத்துக்குள்ளேயே ஆயுள் முழுக்க ஒளிந்திருக்கும் வைரசு. அமெரிக்கப் படையினர் 1 கோடி பேரின் தரவை வைத்து 2022இல் வெளிவந்த ஆய்வில், அந்தத் தொற்று வந்த பின் எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடியது. வைரசின் ஈ.பி.என்.ஏ.1 என்ற புரதத்தின் ஒரு துண்டும், மூளையின் துணைக்கலங்களில் உள்ள கிளையல்கேம் என்ற புரதத்தின் ஒரு துண்டும் ஒன்றையொன்று ஒத்திருப்பதும், ஒரே பிறபொருளெதிரி இரண்டையும் பிடிப்பதும் அதே ஆண்டில் காட்டப்பட்டது. ஆனால் உலகில் வளர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இந்த வைரசு தொற்றியிருக்கிறது, எம்.எஸ். வருவதோ மிகச் சிலருக்கு. எங்கள் பக்கம் போன்ற வெப்ப நாடுகளில் சின்ன வயதிலேயே, ஒரு சாதாரணக் காய்ச்சலாக அது வந்து போய்விடும். வளரிளம் பருவத்தில் தொண்டை வீங்கிக் கடுமையாக வந்தவர்களுக்கே பின்னர் எம்.எஸ். வாய்ப்பு அதிகம். எனவே ஒருவருக்கு எப்ஸ்டீன் பார் பரிசோதனை பொசிட்டிவ் என்று வந்தால் அதை வைத்து எம்.எஸ். என்று பயப்பட ஒன்றுமில்லை. அந்தப் பரிசோதனைக்குக் காசு செலவழிக்கவே தேவையில்லை.

மருந்தின் எல்லையும் இதே கதையிலிருந்துதான் வருகிறது. மீண்டும் மீண்டும் தாக்கும் வகை எம்.எஸ்ஸில், வெளியிலிருந்து கலங்கள் மூளைக்குள் புகுவதுதான் முக்கிய நிகழ்வு. அங்கே இந்த மருந்துகள் மிக வலுவானவை. 2017இல் சேர்ந்து வெளிவந்த இரண்டு ஆய்வுகளில் ஒக்ரெலிசுமாப் பெற்றவர்களுக்கு ஆண்டுக்கு 0.16 தாக்கம், பழைய எம்.எஸ். மருந்தான இன்டர்ஃபெரோன் பெற்றவர்களுக்கு 0.29. சுவீடனில் ரிற்றுக்சிமாப்பையே டைமெத்தில் ஃபியூமரேட் மாத்திரையோடு ஒப்பிட்ட 2022 ஆய்வில், 2 ஆண்டுகளில் மறுபடி தாக்கம் வந்தவர்கள் ரிற்றுக்சிமாப்போடு 3 வீதம், மாத்திரையோடு 16 வீதம். ஆனால் தொடக்கத்திலிருந்தே மெதுவாக மோசமாகும் வகையில் பலன் சிறிது: இயலாமை கூடி 12 வாரம் நீடித்தவர்கள் ஒக்ரெலிசுமாப்போடு 32.9 வீதம், அது இல்லாமல் 39.3 வீதம். காரணம், அங்கே அழற்சி உள்ளேயே பூட்டிக்கொண்டிருக்கிறது. மூளையுறைச் சவ்வின் மடிப்புகளில் பி கலங்கள் கூடு கட்டியதுபோல் திரண்டிருப்பதும், அதன் கீழுள்ள மூளையின் மேற்பட்டை கரைந்திருப்பதும் இறந்தவர்களின் மூளைகளில் காணப்பட்டிருக்கிறது. ஏற்றும் மருந்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் அந்தப் பக்கம் போய்ச் சேரும். ஏற்கெனவே அறுந்த நரம்பிழையையும் இந்த மருந்து ஒட்டாது. மருந்து ஏற்றியும் பழைய மரப்பு அப்படியே இருக்கிறது, எனவே வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிடுபவர்கள் உண்டு. புதிய காயம் வராமல் இருப்பதுதான் அதன் வெற்றி, அது உடம்பில் தெரியாது, ஸ்கேனில் தெரியும்.

மருந்துக்கு முன்னால் நோய் எம்.எஸ்.தானா என்று உறுதி வேண்டும். ஆசிய நாடுகளில் எம்.எஸ். போலவே தோன்றும் நியூரோமயலைற்றிஸ் ஒப்டிக்கா என்ற நோயின் பங்கு ஐரோப்பாவைவிடப் பெரிது. அதில் பிறபொருளெதிரியே நேரடி ஆயுதம். அக்வாபோரின் 4 என்ற நீர்க் கால்வாய்ப் புரதத்தைத் தாக்கும். முண்ணாணில் 3 முள்ளந்தண்டென்பு உயரத்துக்கோ அதற்கு மேலோ நீளும் காயம், இரண்டு கண்ணும் ஒன்றாகப் பாதிக்கப்படுதல், காரணமில்லாமல் நாட்கணக்கில் நிற்காத விக்கலும் வாந்தியும் இருந்தால் அதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். எம்.எஸ்ஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரோன், ஃபிங்கொலிமோட், நட்டலிசுமாப் ஆகியவை அந்த நோயை மோசமாக்கக்கூடும். அக்வாபோரின் 4 பரிசோதனைக்கான குருதியை ரிற்றுக்சிமாப்புக்கும், குருதியின் திரவப் பகுதியை அகற்றி மாற்றும் பிளாஸ்மா மாற்றத்துக்கும் முன்னரே எடுத்துவிட வேண்டும். கலத்தை வைத்துச் செய்யும் முறை எலைசா முறையைவிட நம்பகமானது.

முண்ணாண் பாய்பொருள் எடுக்கும்போது அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று: பாய்பொருளை மட்டும் அனுப்பிவிட்டு, அதே நேரத்துக் குருதியை அனுப்பாமல் விடுவது. பட்டை குருதியில் இல்லாமல் பாய்பொருளில் மட்டும் இருக்கிறதா என்பதே கேள்வி என்பதால், சோடி இல்லாத மாதிரி வீண். ஊசி போன வழியில் குருதி கலந்தாலும் முடிவு கெடும். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பட்டை பாய்பொருளில் மட்டும் இருந்தால் பொசிட்டிவ். எம்.எஸ்ஸை உறுதி செய்யும் மக்டொனால்ட் விதியின் 2017 திருத்தப்படி, காயம் வெவ்வேறு இடங்களில் இருப்பது தெரிந்திருந்தால், முதல் தாக்கத்திலேயே இந்தப் பட்டை, நோய் வெவ்வேறு காலங்களில் தாக்கியதற்கான சான்றின் இடத்தைப் பிடிக்கும்; இரண்டாவது தாக்கம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பாய்பொருளில் வெண்குருதிக் கலங்கள் மைக்ரோலீற்றருக்கு 50ஐத் தாண்டினால் எம்.எஸ். என்று உடனே எழுதிவிடக் கூடாது. காசநோய் உட்பட வேறு காரணங்களைத் தேட வேண்டும்.

அடுத்தது ஈரலைத் தாக்கும் ஹெபடைற்றிஸ் பி வைரசு. அதன் மேற்பரப்புப் பிறபொருள் (HBsAg), அதன் உட்கருவுக்கு எதிரான பிறபொருளெதிரி (anti-HBc) இரண்டையும் பார்க்க வேண்டும். முதலாவது நெகட்டிவ், இரண்டாவது பொசிட்டிவ் என்றால் பழைய வைரசு ஈரலுக்குள் உறங்கிக்கொண்டிருக்கலாம் என்று பொருள். பி கலக் காவல் போனதும் அது விழித்து ஈரலைச் செயலிழக்கச் செய்யலாம். உயிர் போன சந்தர்ப்பங்கள் உலகில் உண்டு. மார்பு எக்ஸ்ரே, முழுக் குருதிக் கணக்கு, குருதியின் முக்கிய பிறபொருளெதிரியான ஐ.ஜி.ஜி. அளவு ஆகியவையும் தொடக்கத்திலேயே வேண்டும். தேவையான தடுப்பூசிகளை, உயிருள்ள கிருமி இல்லாதவை உட்பட, குறைந்தது 4 வாரம் முன்னதாகப் போட்டுவிட வேண்டும். பி கலம் போன பிறகு போட்ட ஊசிக்கு உடல் சரியாகப் பதில் தராது. முன்னரே உருவான பிறபொருளெதிரி மட்டும் பிளாஸ்மா கலத்தின் தயவில் தொடரும்.

மருந்தைக் கொழும்பில் வாங்கிக் கொண்டுவருபவர்கள் 2 முதல் 8 பாகை வெப்பநிலையில் வைத்துக் கொண்டுவர வேண்டும். வெயிலில் சூடான குப்பியும் பயன்படாது, பனிக்கட்டியில் நேரடியாகப் பட்டு உறைந்த குப்பியும் பயன்படாது. இடையில் துணியோ கார்ட்போர்ட்டோ வைக்கவும். குப்பியைக் குலுக்கக் கூடாது.

ஏற்றும் நாளில் 30 நிமிடம் முன்னதாக ஸ்ரெரொயிட் மருந்தான மெதைல்பிரெட்னிசலோன் 100 மில்லிகிராம் நாளத்தில், அதோடு பரசிட்டமோலும் அலர்ஜி மருந்தும். முதல் 1000 மில்லிகிராம் ரிற்றுக்சிமாப் மணிக்கு 50 மில்லிகிராம் வேகத்தில் தொடங்கி, ஒவ்வொரு 30 நிமிடத்துக்கும் 50 கூட்டி, 400க்கு மேல் போகாமல் ஏற்றப்படும். ஏறக்குறைய நாலேகால் மணித்தியாலம். நடுக்கம், காய்ச்சல், தொண்டையில் கரகரப்பு, சொறி வந்தால் உடனே தாதியிடம் சொல்ல வேண்டும். நிறுத்தி, அடங்கிய பின் பாதி வேகத்தில் மறுபடி தொடங்குவார்கள். இது பெரும்பாலும் முதல் தடவையில்தான் வரும். கோடிக்கணக்கான பி கலங்கள் ஒரே நேரத்தில் உடைந்து உள்ளிருப்பதைக் கொட்டுவதால் வருவது. அடுத்த தடவை உடைய அவ்வளவு கலம் இருக்காது. பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் அன்று காலை எடுப்பதா விடுவதா என்று முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும், மருந்து ஏறும்போது குருதி அழுத்தம் இறங்கலாம்.

பி கலம் அழிந்ததா என்று பார்க்க, அதன் மேற்பரப்பிலுள்ள சி.டி.19 என்ற இன்னொரு புரதத்தை வைத்துக் கலங்கள் எண்ணப்படும். சி.டி.20ஐ மருந்தே மூடிக்கொண்டிருப்பதால் அதை வைத்து எண்ண முடியாது. 6 முதல் 9 மாதத்துக்குள் என்பு மச்சையிலிருந்து புதிய கலங்கள் வரத் தொடங்கும். நினைவுக் கலங்கள் திரும்ப இன்னும் தாமதமாகும். 6 மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுவதன் காரணம் இதுதான். வருடங்கள் போகப் போக ஐ.ஜி.ஜி. குறையும், தொற்றுகள் கூடும். எனவே ஒவ்வொரு முறையும் ஏற்றுவதற்கு முன் அதை அளப்பது அவசியம்.

மருந்தெடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் எங்கள் மாவட்டங்களில் ஒரு பெரிய பொறி காத்திருக்கிறது. டெங்கு ஐ.ஜி.எம்., எலிக்காய்ச்சல் ஐ.ஜி.எம். இரண்டும் நோயாளி புதிதாகச் செய்யும் பிறபொருளெதிரியைத் தேடும் பரிசோதனைகள். பி கலம் இல்லாதவர் அதைச் செய்யமாட்டார், அல்லது மிகக் குறைவாகச் செய்வார். நெகட்டிவ் என்று வந்தாலும் அது நோய் இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது. கிருமியையே தேடும் என்.எஸ்.1, பி.சி.ஆர்., குருதி வளர்ப்பு ஆகியவையே நம்பத்தக்கவை. வெளிநோயாளர் பிரிவில் இருக்கும் இளம் வைத்தியருக்கு இந்த ஊசியைப் பற்றித் தெரியாமல் இருக்கலாம். "ஆறு மாசத்துக்கு ஒருக்கா பி செல்லை அழிக்கிற மருந்து எடுக்கிறன்" என்று நோயாளியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஏற்றிச் சில வாரங்களோ மாதங்களோ கழித்து நியூட்ரோபில் என்ற வெண்குருதிக் கலங்களின் அளவு திடீரென இறங்குவதும் உண்டு, ஆகையால் காய்ச்சல் என்றால் அன்றே முழுக் குருதிக் கணக்கு.

படுவான்கரையிலும் அம்பாறை வயல்வெளிகளிலும் மாரியில் சேற்றில் இறங்குபவர்களுக்கு இன்னும் இரண்டு. மண்ணிலும் நீரிலும் வாழும் பக்ரீரியாவால் வரும் மெலியோய்டோசிஸ் கிழக்கில் காணப்படும் நோய். சீனி வருத்தம் உள்ளவர்களில் அது மோசமாகும். வெறுங்காலால் ஏறும் ஸ்ரோங்கிலோய்டஸ் புழு, ஸ்ரெரொயிட் கூடுதலாகக் கொடுக்கும்போது உடம்பு முழுக்கப் பரவிக் கொல்லக்கூடியது. மருந்தின் பலன் 6 மாதத்துக்கு மேல் நீடிப்பதால், பெரும்போகத்தைத் தவிர்த்து ஏற்றலாம் என்ற கணக்குச் சரிவராது. முழங்கால் பூட்ஸ் போடுவதும், காயத்தை மூடுவதும், வயலில் இறங்கிய விபரத்தைக் கிளினிக்கில் சொல்வதும்தான் வழி.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் பார்வை மங்குகிறது, கால் தளர்கிறது என்று பலர் வருவார்கள். உடல் வெப்பம் அரைப் பாகை கூடினாலே, கவசம் போன நரம்பிழையில் கணத்தாக்கம் தடைப்படலாம்; 1890இல் ஊட்ஹொஃப் என்ற கண் வைத்தியர் விவரித்த நிகழ்வு இது. குளிர்ந்த நீரில் குளித்து நிழலில் இருந்தால் மாறிவிடும். பி கலமும் ரி கலமும் சேர்ந்து செய்யும் உண்மையான தாக்கம், காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் 24 மணித்தியாலத்துக்கு மேல் நிற்கும். இரண்டையும் பிரிக்காமல் ஒவ்வொரு தளர்ச்சிக்கும் நாளொன்றுக்கு 1 கிராம் மெதைல்பிரெட்னிசலோன் என்று 3 முதல் 5 நாள் ஏற்றுவது நோயாளிக்கு வீண் ஆபத்து. முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. பாதிக்கப்பட்ட மூத்திரப்பையில் வரும் தொற்றே இப்படிப் பொய்த் தாக்கமாகத் தெரிவது மிக வழக்கம்.

பிள்ளை பெற விரும்பும் பெண்கள் இதை நரம்பியல் நிபுணரிடம் முதல் நாளே சொல்வது நல்லது. ஏற்றும் திகதியை அதற்கேற்ப நகர்த்த முடியும். கர்ப்பத்தின் பிற்பாதியில் இந்த மருந்து தொப்புள்கொடி வழியே பிள்ளைக்குப் போய் அதன் பி கலத்தையும் குறைக்கும். இலங்கையில் பிறந்த உடனேயே போடும் பி.சி.ஜி. உயிருள்ள தடுப்பூசி. கர்ப்பத்திலோ அதற்குச் சற்று முன்னரோ மருந்து ஏற்றியிருந்தால், கடைசியாக ஏற்றிய திகதியைக் கர்ப்பிணி அட்டையின் முதற் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். பிரசவ விடுதியில் ஊசியைக் கையில் எடுப்பவர் முதலில் அந்தத் திகதியைப் பார்க்கட்டும். பிள்ளையின் பி கலத்தை எண்ணி, அது போதிய அளவில் இருந்தால் போடலாம்.